சித்தப்பாவோடு கோதாவரியில்

அன்னவாசல்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் நிற்கிற தண்ணீர்தான்: கண்மாய், ஊரணி, சுனை. பக்கத்துச் சித்தன்னவாசல் குகை ஓவியமும் தாமரைக் குளம்தான். மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆள் எல்லாம் உண்டு, ஓடம் இல்லை. திருச்சி போனால் காவிரி இருக்கிறது. ஆனால் அது குழாய்த் தண்ணீர் மாதிரி. மேட்டூரில் திறந்தால் வரும், மூடினால் மணல். நாள் முழுக்க ஆற்றோடு சும்மா மிதந்து போகிற ஆசைக்கு வடக்கேதான் போக வேண்டும்.

கார்த்திகையில் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு ராஜமுந்திரி போனேன். அங்கிருந்து கண்டி போச்சம்மா கோயில் துறைக்குப் போய் லாஞ்சு ஏறினால், பாபிகொண்டலு மலைகளுக்கு நடுவே கோதாவரியில் போய் மாலையில் திரும்பலாம். 2019 செப்டம்பரில் கச்சுலூரு அருகே வெள்ளத்தில் ஒரு படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். அதனால் மிதவைச் சட்டையை யாரும் சொல்லாமலே மாட்டிக்கொண்டேன்.

மேல்தளத்தில் ஸ்பீக்கர் அலற, தெலுங்குப் பாட்டுக்கு ஆட்டம். மலைகள் இரண்டு பக்கமும் நெருங்கிவர, அகண்ட ஆறு ஒடுங்கிக் கறுத்தது. சித்தப்பா ஆட்டத்தையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. மடை முறைக்காக ஊர்க்கூட்டத்தில் ஆயுசில் பாதியை வாதாடியே கழித்தவர் அவர். கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒரு மணி நேரத் தண்ணிய மடக்குனா நம்ம கண்மாய் மறுகால் போயிருமே தம்பி."

அப்போதே எனக்கும் உல்லாசம் போய்விட்டது. மேட்டூர் நிரம்பினால் 93.47 டிஎம்சி. இங்கே வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டிஎம்சி கடலுக்குப் போகிறது.

கீழே தவளேஸ்வரத்தில் அணை கட்டிய ஆர்தர் காட்டனை இந்தப் பக்கம் சாமியாகவே கும்பிடுகிறார்கள். 1830களில் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குக் குறுக்கே மேலணை கட்டியவரும் அவர்தான் என்றேன்.

"அப்ப நம்ம பக்கம் மட்டும் ஏன் கால்வாய் வெட்டாம விட்டாக?"

"நம்ம ஊர் மேடு சித்தப்பா. அதோட தொண்டைமான் சமஸ்தானம். வெள்ளைக்காரன் அவன் ஜில்லாவுக்குத்தானே வெட்டுவான்?"

"குன்னத்தூர்ல கல்லு நட்டது வெள்ளைக்காரனா?"

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரியில் அங்கே அடிக்கல் நாட்டியதைச் சொல்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பேச்சை மாற்ற, இதே ஆற்றில் கட்டிவரும் போலவரம் அணையை இழுத்தேன். அந்த அணை நிரம்பினால் நாங்கள் போய்க்கொண்டிருக்கும் இந்த ஆறும் பின்னால் தேங்கிய நீர்தான். எனக்கு அது வருத்தம். அவருக்கு இல்லை.

"நிக்கட்டுமே. நின்னாத்தான வயலுக்கு ஏறும்."

கரையில் ஆள் காலி செய்துபோன வீடுகளைக் காட்டினேன். கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றது. கோயர், கொண்டாரெட்டி மக்களின் ஊர்கள் பலவும் நீர்ப்பிடிப்பில் போகிறவை என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லாஞ்சுக்காரரிடம் கேட்கச் சொன்னார்:

"இவுகளுக்கு மாத்து நிலம் குடுத்தாகளே, அங்க பாசனம் உண்டான்னு கேளு."