பிள்ளையின் கைக்கு வேலை கொடுங்கள்

பள்ளிக் கண்காட்சி நெருங்கிவிட்டால், தாம்பரம், குரோம்பேட்டை எழுதுபொருள் கடைகளில் இரவுவரை கூட்டம் நிற்கும். தெர்மக்கோலும் வண்ணத்தாளும் பசையும் வாங்க வருவோர் பெரும்பாலும் பிள்ளைகள் அல்லர், பெற்றோரே. நான்காம் வகுப்புச் சிறுமி உறங்கிக்கொண்டிருப்பாள். அவளுடைய ‘புராஜெக்டை’த் தந்தையார் ஒட்டிக்கொண்டிருப்பார். அதற்கும் பொழுதில்லாதவர், செய்து வைத்ததையே விலைக்கு வாங்கிவிடுவார். மறுநாள் பிள்ளை அதைச் சுமந்துசென்று, “நானே செய்தேன்” என்று சொல்லும்.

பெற்றோர் பெருமக்களே! நாம் அன்பினால்தான் இதைச் செய்கிறோம். ஆனால், பிள்ளை இதனால் இழப்பது என்ன?

நம் ஊர்ப்புறத்திலேயே இதற்கு விடை உண்டு. 1863 மே 30 அன்று, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துச் சரளைக் குழியொன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அது தானாக உடைந்த கல்லன்று. ஆதிமனிதன் மற்றொரு கல்லால் தட்டி, இரு பக்கமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, விளிம்பைக் கூராக்கிய கைக்கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில் திருவள்ளூர்ப் பக்கத்து அதிரம்பாக்கத்திலும் இத்தகைய கருவிகள் கிடைத்தன. அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டு வயது என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. எழுத்தும் ஏடும் தோன்றுமுன்னரே மனிதனின் கை சிந்தித்திருக்கிறது!

ஃபூட் திரட்டியவற்றை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. தாம்பரத்திலிருந்து மின்சார இரயிலேறினால் எழும்பூர்; கல்விச் சுற்றுலாவுக்கு ஏற்ற இடம். ஆனால், வெறுங்கண்ணோடு போகும் பிள்ளை, “கல்தானே!” என்று கடந்துவிடும். முந்தின வாரம் வகுப்பில் ஆளுக்கொரு சோப்புக் கட்டியும் மழுங்கிய கரண்டியும் கொடுத்து, அதே வடிவத்தைச் செதுக்கச் சொல்லுங்கள். (கல்லை உடைக்கவிட வேண்டா, சில்லு கண்ணில் தெறிக்கும்.) ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் கோணும். அப்படிப் பாடுபட்ட பிள்ளை கண்ணாடிப் பேழைமுன் நின்று, “இதை எப்படிச் செய்தார்கள்?” என்று கேட்கும். செய்து பார்த்த கைதான் கண்ணைத் திறக்கிறது. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழில் வழியாகவே அறிவை வளர்க்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் இக்கருத்துப்பற்றியே.

இதில் நீதியும் அடங்கியிருக்கிறது. விலைக்கு வாங்கிய மாளிகை கண்காட்சி மேசையின் முன்வரிசையில் மின்விளக்கோடு ஒளிர்கிறது. கூலித் தொழிலாளியின் மகன் ஈர்க்குச்சியால் தானே கட்டிய குடிசை பின்வரிசைக்குப் போகிறது. அன்று ஒரு பிள்ளை பொய்க்குப் பரிசு பெறக் கற்கிறது; மற்றொரு பிள்ளை தன் உழைப்பைக் குறித்து வெட்கப்படக் கற்கிறது. இவ்விரு பாடங்களையும் பின்னர் அழிப்பது எளிதன்று.

ஆகவே, கத்தி பிடிக்கும் வேலையை மட்டும் நீங்கள் செய்யுங்கள். மற்றதைப் பிள்ளைக்கு விடுங்கள். ஆசிரியப் பெருமக்கள், “எவ்வளவு அழகு!” என்பதற்குமுன், “எப்படிச் செய்தாய்?” என்று கேட்கட்டும். வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சென்றுவந்த பிள்ளை களிமண்ணில் யானை செய்தால், அதன் தும்பிக்கை ஒடிந்து விழலாம். மீண்டும் ஒட்ட வேண்டியது அதன் கையே, உங்கள் கையன்று.