ஏ.சி. வந்தால் ஃபேனுக்கு லீவா?

"ஏ.சி. ஓடுறப்ப ஃபேன் எதுக்கும்மா?" என்று ஸ்விட்சை அணைத்துவிடுவாள் மகள். பிரசவத்துக்கு வந்தவள், சித்திரை வெயில் வேறு. 18-ல் வைத்தால்தான் அவளுக்குத் தூக்கமே வரும். விடியற்காலையில் குழந்தையின் கழுத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும். எனக்குப் பகீரென்றது. இரண்டு மாதக் கரண்ட் பில் வந்த அன்று என்னவர் வாயே திறக்கவில்லை!

அன்றிரவு நானே 26-ல் வைத்து, ஃபேனை இரண்டாம் நம்பரில் சுழலவிட்டேன். ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, சகோதரிகளே. காற்று பட்டு வியர்வை உலர்வதால் உடம்புக்குத்தான் இதம். ஆளில்லாத அறையில் அது சுற்றுவது தண்டம். சாதாரண ஃபேனுக்கு 75 வாட் போதும். ஒன்றரை டன் ஏ.சி.யோ 1,500 வாட் பக்கம் இழுக்கும். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாம். 2020 முதல் நட்சத்திர முத்திரையுள்ள புது ஏ.சி.க்கள் 24-ல்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசே விதி வைத்திருக்கிறது.

இறக்கையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் தூசியெல்லாம் பிள்ளை மேல்தான். தொட்டிலையும் ஏ.சி.க்கு நேராகப் போடாதீர்கள்.

இப்போது பேரன் கழுத்து வெதுவெதுப்பாக இருக்கிறது. மகள்தான் பழக்க தோஷத்தில் இன்னும் ஃபேனை அணைக்கப் போகிறாள்!