படிப்பதற்கு இல்லை

சென்ற இதழில் நண்பர் ஒருவர் பழைய ஃபிலிம் காமிராக்களின் விசேஷப் பதிப்புகளைச் சேகரிப்பது பற்றி எழுதியிருந்தார். ஃபிலிம் நுழையாத, ஷட்டர் ஒருமுறைகூடத் தட்டப்படாத காமிராவில்தான் காமிராவின் ‘தூய ரூபம்’ வெளிப்படுகிறதாம். நான் படம் எடுப்பவனல்ல. ஒரகடத்தில் ஒரு வங்கிக் கிளையில் நகைக்கடன் பார்க்கிற குமாஸ்தா. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் கவுண்டரில் முலாமுக்கு மதிப்பு கிடையாது. மதிப்பீட்டாளர் உரைகல்லில் ஓர் இழுப்பு இழுப்பார், கல், அரக்கு எடையைக் கழிப்பார், மிஞ்சுவதற்குத்தான் பணம். செல்போன் தொழிற்சாலைப் பெண்கள் கொண்டுவரும் அரைப் பவுன் தோட்டுக்குக் கடன் உண்டு. நண்பர் உருகி உருகி வர்ணித்திருக்கும் 1984ஆம் வருஷத்து நிக்கான் எஃப்ஏ தங்கப் பதிப்புக்கு (24 காரட் முலாம், மொத்தம் 2,000) கிடையாது. நண்பர் கடன் கேட்டு வரப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

ஆஸ்கர் பார்னாக் ஆஸ்துமாக்காரர். கனமான தட்டுக் காமிராவைத் தூக்கி நடக்க முடியாததால் சட்டைப்பையில் போடக்கூடிய லைக்காவை யோசித்தவர். அவருடைய நூற்றாண்டைக் கொண்டாட 1979ல் கம்பெனி என்ன செய்தது? எம்4-2 காமிரா ஆயிரத்துக்குத் தங்க முலாம் பூசிற்று. நடப்பதற்காகப் பிறந்த வஸ்துவைப் பெட்டியில் உட்கார வைத்தாயிற்று. ஆனால் 2022ல் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது பார்னாக் தம் கையால் உபயோகித்த 105ஆம் நம்பர் காமிரா. இந்த முரணை நண்பரின் கட்டுரை தொடவேயில்லை.

சேகரிப்பின் மீதே எனக்குப் பகையில்லை. ஆனால் ஊட்டியில் ‘இந்து’ ஃபிலிம் செய்துகொண்டிருந்த அரசாங்கத் தொழிற்சாலை மூடப்பட்டதற்காக இவர்களில் ஒருவராவது ஒரு வரி எழுதியதுண்டா? ஃபிலிம் செத்தால்தானே காமிரா ‘அபூர்வம்’ ஆகும்!

நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற ஸ்ரீபெரும்புதூரில் ஒரு காமிராவின் கதை இருக்கிறது. 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டுவெடிப்பில் படமெடுக்க வந்திருந்த ஹரிபாபுவும் இறந்தார். அவரிடம் இருந்தது ஒரு சினான். ஜப்பானியச் சரக்கு, யாரும் எண் பொறித்து, தோலுறை தைத்துக் கொடுக்காத சாதாரணக் காமிரா. அது பிழைத்தது. உள்ளே 10 படங்கள். மாலையுடன் காத்து நிற்கும் அந்தப் பெண்ணை உலகம் பார்த்தது அந்தச் சுருளால்தான். அவரை அங்கே கூட்டி வந்தவர்கள் கொலைத் திட்டக்காரர்கள். தங்கள் காரியத்துக்குப் பதிவு வேண்டுமென்றே கூட்டி வந்தார்கள். அந்தப் பதிவே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. காமிராவுக்கு விசுவாசம் கிடையாது. எதிரே நின்றதை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நண்பர் சொல்லும் தூய ரூபத்தால் இது முடியுமா? அதன் எதிரே எது நடந்தாலும் நடக்காத மாதிரிதான்.

காமிரா விவகாரம் மட்டுமென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் கவிதைத் தொகுதிகளுக்கும் இந்தக் காய்ச்சல் வந்துவிட்டது. நூறே பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் எண், கவிஞரின் கையெழுத்து, கைத்தறித் துணி அட்டை. மலிவுப் பதிப்பு ‘பிறகு வரும்’. வந்து நான் பார்த்ததில்லை. போன மாதம் இதே நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். காமிராக்களுக்குக் கீழ்த்தட்டில், பாலிதீன் உறைக்குள் அப்படி ஒரு தொகுதி. எடுக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது படிக்கறதுக்கு இல்லே சார். படிக்கறதுக்கு வேற காப்பி வெச்சிருக்கேன்.”

“எங்கே?” என்றேன்.

தேடினார். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். காபி ஆறிப்போயிற்று. நான் கடைசி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்வரை கிடைக்கவில்லை.