முப்பரிமாணப் படமும் மங்கிய வெளிச்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பரிமாணப் படம் என்று விளம்பரம் செய்து, சாதாரண டிக்கெட்டைவிட அதிகக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, திரையில் இருக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிகூட ஜனங்களின் கண்ணுக்கு எட்டாதபடி படத்தை ஓட்டும் வழக்கத்தைக் குறித்து என்னுடைய பலமான ஆக்ஷேபத்தைத் தங்கள் பத்திரிகையின் வாயிலாகத் தெரிவித்துக்கொள்ள விரும்புகிறேன். நான் ஈப்போவில் பல காலம் சினிமாத் தியேட்டர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கார்பன் குச்சிகள் நுனியோடு நுனி எரிந்து ஒளி தந்த நாளிலும், பிறகு ஸெனான் விளக்கு வந்த நாளிலும், படத்துக்கு ஜீவன் வெளிச்சமே என்பதை அனுபவத்தில் அறிந்தவன்.

பெருந்திரையின் மகிமையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. 1970-இல் ஒசாகா கண்காட்சியில், 70 மில்லிமீட்டர் பிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு ஐமேக்ஸ் என்னும் பிரம்மாண்டமான திரையை முதன்முதலாகக் காட்டினார்கள். திரையின் ஓரங்கள் பார்வையிலிருந்து மறையுமளவுக்கு உருவம் பெரிதாகும்போது, பார்ப்பவன் நாற்காலியை மறந்து அந்தக் காட்சிக்குள்ளேயே சஞ்சரிக்கத் தொடங்குகிறான். இதற்கு ஆழமும் சேர்ந்துவிட்டால் அது அபூர்வமான அனுபவமே. மனிதனின் இரு கண்களுக்கும் நடுவே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. வலக்கண்ணுக்கு ஒன்றும் இடக்கண்ணுக்கு ஒன்றுமாக இரண்டு பிம்பங்களை எடுத்து, அவற்றை அந்தந்தக் கண்ணுக்கு மட்டும் சேர்ப்பிப்பதே இந்த வித்தையின் சூட்சுமம். 1984-இல் ஜிஜோ புன்னூஸ் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தை இந்த முறையில் எடுத்தார். 2018-இல் வெளிவந்த ‘2.0’ படத்தை ஷங்கர் முப்பரிமாணக் காமிராக்களைக் கொண்டே படமாக்கினார். தோட்டத்துத் திடலில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டி, லயத்து ஜனங்கள் துணியின் இரு பக்கமும் உட்கார்ந்து படம் பார்த்த காலத்தை அறிந்த எனக்கு, தமிழ்ப் படம் இந்த நிலைக்கு உயர்ந்தது பெரிய சந்தோஷம்.

ஆனால் அந்தச் சந்தோஷத்தைத் தியேட்டர் கெடுத்துவிடுகிறது. சாதாரணப் படத்துக்குத் திரையின் மையத்தில் 14 புட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவு. ஒரே புரொஜெக்டரைக் கொண்டு, விநாடிக்கு 144 தடவை இடம், வலம் என்று மாற்றி மாற்றிக் காட்டும்போது ஒவ்வொரு கண்ணும் பாதி நேரம் இருட்டில் இருக்கிறது. மிஞ்சிய ஒளியிலும் பெரும் பங்கை முன்னே வைத்த வடிகட்டியும் நாம் அணியும் கண்ணாடியும் விழுங்கிவிடுகின்றன. ஆகையால்தான் முப்பரிமாணத்துக்கு நாலரை புட்-லாம்பர்ட் போதும் என்று தொழிலில் விட்டுக்கொடுத்தார்கள். அந்தச் சலுகை அளவையாவது காப்பாற்ற வேண்டாமா? விளக்கின் ஆயுளை நீட்டுவதற்காக மின்சாரத்தைக் குறைப்பதும், வயதான விளக்கை மாற்றாமல் இழுத்தடிப்பதும், முப்பரிமாண லென்ஸைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டுவதும் இந்தத் தொழிலில் நான் அறியாத காரியங்கள் அல்ல. 2011-இல் மைக்கேல் பே என்ற ஹாலிவுட் டைரக்டர் தம் படம் வெளியாகும் சமயத்தில், வெளிச்சத்தைக் குறைக்க வேண்டாம் என்று ஆபரேட்டர்களுக்கே கடிதம் எழுதினார் என்றால், நோய் எவ்வளவு பரவியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1952-இல் அமெரிக்காவில் எழுந்த முப்பரிமாண மோகம் சில வருஷங்களிலேயே அடங்கிப்போனதற்கு, இரண்டு புரொஜெக்டர்களை ஒத்து ஓட்டத் தெரியாத அலட்சியமும் ஒரு முக்கிய காரணம்.

சமீபத்தில் பேரப்பிள்ளைகளோடு ஒரு தியேட்டருக்குப் போயிருந்தேன். இரவுக் காட்சிகளில் யார் யாரோடு சண்டையிடுகிறார் என்பதே தெரியவில்லை. சின்னவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். இடைவேளையில் நிர்வாகியிடம் சொன்னதற்கு, “முப்பரிமாணப் படம் என்றால் அப்படித்தான் இருக்கும், ஐயா” என்று பதில் வந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை. சிம்பாங் பூலாயிலிருந்து குடும்பத்தோடு பட்டணம் போய், கண்ணாடிக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு வரும் தொழிலாளிக்கு, தான் வாங்கியது குறைந்த சரக்கு என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் நிறுவை அளவைச் சட்டம் சந்தையில் மீன் நிறுக்கும் தராசைக்கூடச் சோதித்து முத்திரையிடச் சொல்லுகிறது. தியேட்டர் விற்கும் சரக்கு வெளிச்சம். அதை அளக்க மட்டும் ஒருவரும் வருவதில்லை. கேளிக்கை வரியை மாநில அரசு வாங்குகிறது. உரிமத்தை ஊராட்சி மன்றம் கொடுக்கிறது. அப்படியிருக்க, உரிமத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் திரையின் வெளிச்சத்தை அளந்து, அந்த எண்ணை டிக்கெட் கவுண்டரில் ஜனங்கள் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதில் என்ன கஷ்டம்? குறைந்தபட்ச அளவை எட்டாத தியேட்டர் முப்பரிமாணத்துக்கென்று கூடுதல் கட்டணம் வசூலிப்பதை உள்நாட்டு வாணிப அமைச்சு உடனே தடுக்க வேண்டும். அதிகாரி எவரேனும் ஒளி அளக்கும் கருவியுடன் வரச் சித்தமாயிருந்தால், நான் ஊதியம் எதுவும் பெறாமல் உடன்வரத் தயார். கண்ணாடியைக் கருவியின் முன்னே பிடித்துத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்கும் எண் ஜனங்களின் கண்ணுக்கு எட்டும் வெளிச்சத்தைக் காட்டாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர்,
சிம்பாங் பூலாய், பேராக்.