எந்தத் தோட்டா நல்லது?

போன வாரம் என் அண்ணன் மகன் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வந்திருந்தான். அவன் தெருவில் தனியாக இருக்கும் ஒரு வயதான தம்பதி வீட்டில் திருட்டு. பயந்து போயிருக்கிறான். "சித்தப்பா, நீங்க கலெக்டர் ஆபீஸ்ல துப்பாக்கி லைசென்ஸ் சீட் பார்த்தவர்தானே? ரிவால்வர் வாங்கினா எந்தத் தோட்டா நல்லது?" என்று கேட்டான்.

செல்போனில் ஒரு வீடியோவும் காட்டினான். அமெரிக்கர் ஒருவர் ஜெலாட்டின் கட்டியில் சுட்டு, ஸ்கேல் வைத்து அளக்கிறார். அந்தச் சோதனையைக் குறை சொல்ல மாட்டேன். 1986இல் மியாமியில் எஃப்.பி.ஐ. ஆட்கள் இருவர் சுடப்பட்டு இறந்த பிறகு, குண்டு 12 முதல் 18 அங்குலம் வரை இறங்க வேண்டும் என்று அங்கே கணக்கு வைத்தார்கள். முனை குழிந்த குண்டு உள்ளே விரிந்து நின்றுவிடும், பின்னால் நிற்பவர் மேல் பாய்வது குறையும் என்பது அவர்கள் நியாயம்.

புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்த காலத்தில், விரியும் குண்டுக்குச் சொல்லும் 'தும்தும்' ஏதோ ஆப்பிரிக்கச் சொல் என்று நினைத்திருந்தேன். அது கல்கத்தா பக்கத்து டம்டம்! 1890களில் ஆங்கிலேயர் அங்கேதான் அதைச் செய்தார்கள். 1899இல் ஹேக் மாநாடு, போரில் விரியும் குண்டு கூடாது என்று அறிவித்தது. சிப்பாய் மேலேயே கூடாது என்றதை நாம் பீரோவில் வைக்க ஆசைப்படுகிறோம்.

நம் ஊர் நிலவரம் வேறு. 9 எம்.எம். சாதாரண ஜனங்களுக்குக் கிடையாது. பெரும்பாலும் .32 ரிவால்வர்தான். தோட்டாவும் லைசென்ஸில் எழுதிய எண்ணிக்கைதான். அதைச் சுட்டுச் சோதித்தால் கையிருப்பு காலி. சோதிக்காவிட்டால் வருஷக்கணக்கில் கடலூர் உப்புக் காற்றில் கிடக்கும். கையும் பழகாது.

"திருடன் அரிவாளோடு வந்தா என்ன பண்றது, சித்தப்பா?" என்றான். நியாயமான கேள்வி. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, கண்ணாடியைத் தேடி, சாவியைத் தேடி, பீரோவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பூட்டாமல் வைத்தால் பேரப்பிள்ளை கையில் கிடைக்கும், அல்லது திருடனே எடுத்துக்கொள்வான். சோதிக்க வேண்டியது தோட்டாவை அல்ல, அந்த நேரத்தில் நடுங்கும் கையை.

1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கிய ஆங்கிலேயர், பீரங்கிக் குண்டு போய் விழுந்த எல்லை வரை தங்களுக்கே என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் கதை இன்றும் இருக்கிறது. அவர்களுக்குக் குண்டு விழுந்த இடமெல்லாம் சொந்தம். நமக்கோ, குண்டு விழுந்த இடத்துக்கெல்லாம் நாமே பொறுப்பு. தற்காப்பு உரிமையைச் சட்டம் கொடுக்கிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், வாசலில் விளக்கு, பக்கத்து வீட்டோடு ஒரு அழைப்பு மணி, ஊருக்குப் போனால் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை. முதலில் இவற்றைச் செய், தம்பி. இவற்றைத் தினமும் சோதித்துப் பார்க்கலாம்.