தேய்ந்ததா, தேய்த்தார்களா?

காமர்ஸ் படிக்கும் நம்மில் பலருக்கு ஒரு பழக்கம். எது குறைந்தாலும் 'டிக்ரீஸ்' என்று எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். விற்பனை குறைந்தால் டிக்ரீஸ். மழை குறைந்தால் டிக்ரீஸ். கொஞ்சம் கெத்தாக எழுத வேண்டுமென்றால் 'டிக்ளைன்'. அவ்வளவுதான் நம்ம கையிருப்பு!

அகராதியைப் புரட்டினால் ஃபேட், வேன், எப், விதர், டிவிண்டில், எரோட் என்று ஒரு பட்டாளமே நிற்கிறது. எல்லாமே 'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது' தானே, எதை எடுத்துப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிப் போடக்கூடாது என்பது என் கட்சி. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு படம் இருக்கிறது. படம் பொருந்தாவிட்டால் சொல்லவந்த விஷயமே மாறிவிடும்.

'வேன்' நிலாவுக்கு உரிய சொல். திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம், மறுநாளிலிருந்து தேய்பிறை. அதற்காக இங்கே யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. அடுத்த பௌர்ணமிக்கு பஸ்ஸில் இடம் கிடைக்குமா என்பதுதான் கவலை! திரும்பவும் வளரும் என்கிற நம்பிக்கை அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. 'எப்' அதற்குத் தங்கை மாதிரி. கடல்நீர் ஏற்றம் முடிந்து இறங்குவது அது, மறுபடி ஏறும். 'ஃபேட்' சாயம் போவது. 'விதர்' செடி வாடுவது. 'டிவிண்டில்' கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆவது. 'எரோட்' கொஞ்சம் வில்லங்கமான ஆள். லத்தீனில் அதன் வேர்ச்சொல்லுக்குக் கொறிப்பது என்று பொருள். எலியை ரோடன்ட் என்பதும் அதே வேரில்தான். எரோட் என்றால் எங்கேயோ ஒன்று உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். (நம்ம ஈரோட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அடிக்க வராதீங்க :-))

யோசித்துப் பார்த்தால் நம்ம அக்கவுன்டன்சி பாடமே இந்த வேலையைத்தான் செய்கிறது. இயந்திரத்துக்கு டெப்ரிசியேஷன், தமிழில் தேய்மானம். சுரங்கத்துக்கு டெப்ளிஷன். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தேய்வதில்லை, தோண்டத் தோண்டத் தீர்கிறது. காப்புரிமைக்கு அமார்ட்டைசேஷன். இந்தியாவில் அதன் ஆயுள் 20 வருடம், அதற்குள் கணக்கை முடித்தாக வேண்டும். மூன்றையும் மாற்றி எழுதினால் மார்க் போச்சு.

குறைகிற வேகத்துக்கும் தனித்தனி முறை வைத்திருக்கிறார்கள். 1,00,000 ரூபாய் இயந்திரத்துக்கு 10 சதவீதம் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு 10,000, பத்தே வருடத்தில் பூஜ்யம். குறைந்து செல் மதிப்பு முறையில் முதல் வருடம் 10,000, அடுத்து 9,000, அடுத்து 8,100. இப்படியே போனால் கணக்குப்படி அது பூஜ்யத்தைத் தொடவே தொடாது. முதலாவதை டிக்ளைன் என்றால் இரண்டாவதை ஃபேட் என்பேன்.

பரீட்சைக்கு இவ்வளவு கவனம். ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறுபடி எல்லாமே டிக்ளைன்! இங்கேதான் நம்ம தமிழ் இலக்கணம் கைகொடுக்கிறது. தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? குறைந்தது, குறைத்தார். தேய்ந்தது, தேய்த்தார். அழிந்தது, அழித்தார். 'ந்' போய் 'த்' வந்ததும் வாக்கியத்துக்குள் ஒரு ஆள் வந்து நிற்கிறார். டிக்ளைன், ஃபேட் எல்லாம் அந்த ஆளை வெளியே அனுப்பிவிடுகிற சொற்கள். யாரும் எதுவும் செய்யவில்லை, அதுவாகவே ஆகிவிட்டது என்கிற மாதிரி.

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. போய் நின்றால் வியூ கிடைக்கும், லேக் கிடைக்காது. அந்த ஏரி தானாக வற்றவில்லை. 1920களில் தி.நகரை உருவாக்கத் தொடங்கியபோது திட்டமிட்டு வற்றவைத்தார்கள். வீடுகள் தேவை என்று நினைத்து எடுத்த முடிவு அது, சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் ஏரி 'மறைந்தது' என்று எழுதிவிட்டால் வாதாடுவதற்கே ஒன்றும் மிஞ்சாது.

ரூபாய்க்கும் இதே கதைதான். 1966 ஜூன் 6 அன்று ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனது. அது அரசு செய்த மதிப்புக் குறைப்பு, அதாவது டிவால்யுவேஷன். 1991 ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தவணையாக மறுபடியும் குறைத்தார்கள். சந்தையில் தானாக இறங்கினால் அது மதிப்புக் குறைவு, டெப்ரிசியேஷன். குறைப்பு, குறைவு: கடைசியில்தான் வித்தியாசம், பொறுப்பு மட்டும் கை மாறிவிடுகிறது.

2022 அக்டோபரில் டாலர் 82 ரூபாயைத் தாண்டியபோது, ரூபாய் சரிவதாகத் தான் பார்க்கவில்லை, டாலர் வலுவடைவதாகவே பார்க்கிறேன் என்ற பொருளில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வாஷிங்டனில் சொன்னார். மீம்ஸ் பறந்தன. நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அந்த வருடம் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனதில் யூரோ, யென், பவுண்டு எல்லாமே டாலருக்கு எதிராக இறங்கின. ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு டாலரில் பீஸ் கட்டும் மாணவனுக்கு ரூபாய் சரிந்தது என்பதும் உண்மை. எந்தச் சொல்லை எடுக்கிறோமோ அந்தப் பக்கம்தான் வாசிப்பவரின் தலை திரும்பும்.

நம்ம மாவட்டத்துக்கே வருவோம். தெருக்கூத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு போடும் வரி, 'அழிந்துவரும் கலை'. ஆங்கிலத்தில் 'டையிங் ஆர்ட்'. செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்ப தம்பிரான் வழிவந்தவர்கள் கூத்தைத் தொடர்ந்து நடத்திவருகிறார்கள். வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் என்றால் பகலில் சொற்பொழிவு, ராத்திரியில் விடிய விடியக் கூத்து. 'டையிங்' என்று எழுதினால் படிப்பவர் மாலை வாங்கிக்கொண்டு இழவு வீட்டுக்குக் கிளம்புகிற மனநிலைக்கு வந்துவிடுவார். சாகப்போகிற கலையைக் கற்றுக்கொள்ள எந்தப் பையன் வருவான்? 'டிவிண்டில்' என்று எழுதுபவர் எது குறைகிறது என்று சொல்லியாக வேண்டும். ஆட்டக்காரர்களா, ஆடுகிற ராத்திரிகளா, கைக்கு வரும் சம்பளமா? அதைச் சொன்னால்தான் யாராவது ஏதாவது செய்ய முடியும்.

ஆகவே ஆங்கிலச் சொல்லைத் தேடும் முன் தமிழில் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். தானாகக் குறைந்ததா, யாராவது குறைத்தார்களா? திரும்ப வளருமா? எங்கேயாவது போய் நிற்குமா, பூஜ்யம் வரை போகுமா? இந்த மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் சொல் தானாக வந்து உட்காரும். பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'சேல்ஸ் டிக்ளைன்ட்' என்று எழுதப்போகிற நண்பர்களே, பதில் தெரியவில்லை என்றால் அகராதியைத் தொடாதீர்கள். மறுபடி போய் கடைக்காரரைக் கேளுங்கள்.