விதிவிலக்கு எந்த விதியை நிரூபிக்கிறது?

தமிழ்ப் பேராசிரியர்கள் நவீன இலக்கியத்திற்கு எதுவும் செய்ததில்லை என்று ஒருவர் எழுதுகிறார். 1967இல் தமிழ்ச் சிறுகதை பற்றி நூலெழுதிய சிவத்தம்பியையும், 1968இல் தமிழ் நாவல் பற்றி எழுதிய கைலாசபதியையும், 'எழுத்து' இதழில் புதுக்கவிதையை ஆராய்ந்த சி. கனகசபாபதியையும் நாம் சுட்டுகிறோம். பதில் ஆயத்தமாக இருக்கிறது: "விதிவிலக்குகள்தானே விதியை நிரூபிக்கின்றன!" ஆங்கிலத்திலிருந்து இரவல் பெற்ற இத்தொடரைப் போல் நம் விமர்சகர்களின் சோம்பலுக்குக் குடைபிடிக்கும் தொடர் வேறில்லை.

இதன் மூலம் ஒரு சட்ட வாதம். கி.மு. 56இல் பல்பஸ் என்பவரின் உரோமானியக் குடியுரிமை செல்லாது என்று வழக்கு வந்தபோது அவருக்காக வாதாடியவர் சிசரோ. சில இனத்தாருடன் உரோம் செய்த உடன்படிக்கைகளில், அவர்களில் எவரையும் குடிமகனாக ஏற்கலாகாது என்னும் விலக்கு எழுதப்பட்டிருந்தது. பல்பஸின் ஊராகிய காதெஸுடன் செய்த உடன்படிக்கையில் அது இல்லை. விலக்கு எழுதிய இடத்தில் தடையென்றால், எழுதாத இடத்தில் அனுமதி என்றே பொருள் என்றார் சிசரோ, வழக்கு வென்றது. இவ்வாதம் பின்னர் லத்தீன் சட்ட வாசகமாகி, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. 'விலக்கப்படாதவற்றின்கண்' என்னும் அதன் வால் காலப்போக்கில் அறுந்து விழுந்தது. குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

'ஞாயிறன்று இங்கே வண்டி நிறுத்தலாம்' என்றொரு பலகை இருந்தால், மற்ற நாள்களில் நிறுத்தக்கூடாது என அறிகிறோம். விலக்கு நிரூபிக்கும் விதி இவ்வளவே. சொன்னதைக் கொண்டு சொல்லாததைப் பெறும் இம்முறையை நம் உரையாசிரியர்கள் அருத்தாபத்தி என்றனர். இரவல் வாங்கியவர்கள் சொந்த வீட்டுப் பரணைப் பார்க்கவில்லை.

இங்கே 'நிரூபித்தல்' என்பதற்குச் 'சோதித்தல்' என்று பொருள் கொள்வாரும் உளர். சட்ட வாசகத்தின் கருத்து அதுவன்று. ஒரு பேச்சுக்கு அப்படியே கொண்டாலும், சோதனையில் தோற்ற விதியைக் கைவிடுவதுதானே முறை?

உடன்படிக்கையில் ஒருவர் அறிந்தே எழுதிவைக்கும் விலக்கு வேறு. பொதுக்கூற்றைப் பொய்யாக்கும் எதிர்ச்சான்று வேறு. முன்னது விதியைக் காட்டும்; பின்னது விதியை உடைக்கும். எதிர்ச்சான்றே சான்றாகிவிடுமெனில், உலகில் எந்தக் கூற்றையும் மறுக்க இயலாது. மறுக்க இயலாத கூற்றுக்கு விமர்சனம் என்று பெயரில்லை.

'பெரும்பாலோர்' என்றொரு சொல் தமிழில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் எண்ணிக் காட்ட வேண்டிய பொறுப்பு வந்துவிடும். அந்த உழைப்புக்கு அஞ்சுபவர்களே சிசரோவின் நிழலில் ஒதுங்குகிறார்கள்.